நீலகிரியில் முதல் மலை சைக்கிள்: முதலில் பிரேக், அப்புறம் பல், கடைசியில்தான் ஷாக்கர்

கோயம்புத்தூர்க் கடைகளில் வரிசையாக நிற்கும் மலை சைக்கிள்களைப் பார்த்தால் கண் முதலில் போய் நிற்பது முன் ஷாக்கரில்தான். விற்பவரும் ஹேண்டிலைப் பிடித்து அதைத்தான் இரண்டு தடவை அமுக்கிக் காட்டுவார். சமவெளியில் ஓட்டப்போகிறவருக்கு அதனால் பெரிய நட்டமில்லை. அதே வண்டி குன்னூருக்கோ கோத்தகிரிக்கோ ஏறிவிட்டால் நிலைமை வேறு. இங்கே வாசலைத் தாண்டினால் ஒன்று ஏற்றம், இல்லாவிட்டால் இறக்கம். சமதரையைத் தேடித்தான் போக வேண்டும்.

10,000 ரூபாயிலிருந்து 80,000 ரூபாய் வரை கிடைக்கும் வண்டிகளை இந்த மலையின் ஏற்ற இறக்கத்துக்கு எதிரே நிறுத்திப் பார்ப்பதுதான் இந்த மதிப்பீடு. புதிதாக ஓட்டத் தொடங்குகிறவர் பார்க்க வேண்டிய வரிசை இது: பிரேக், மிகத் தாழ்ந்த கியர், உடம்புக்கேற்ற அளவு, டயர். ஷாக்கர் இவற்றுக்கெல்லாம் பின்னால்தான். கடையில் இந்த வரிசை தலைகீழாகத்தான் சொல்லப்படும்.

இறக்கத்தின் கணக்கு

மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 325 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஊட்டி 2,240 மீட்டர். ஓட்டுகிறவரும் வண்டியும் சேர்ந்து 85 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலேயிருந்து கீழே வந்து சேர்வதற்குள் வெளிப்படும் ஆற்றல், 20 டிகிரியில் இருக்கும் நாலரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். அதில் ஒரு பங்கைக் காற்று வாங்கிக்கொள்ளும். ஆனால் வளைவுக்கு வளைவு வேகத்தைக் குறைத்தே ஆக வேண்டிய பாதையில் பெரும்பங்கு இரண்டு பிரேக்குக்குள்தான் போகிறது. ஊட்டியிலிருந்து கல்லட்டி வழியாக மசினகுடிக்கு இறங்கும் சாலையில் மட்டும் 36 கொண்டை ஊசி வளைவுகள்.

மலை சைக்கிள் என்ற வகையே பிரேக் சூட்டோடு சேர்ந்து பிறந்ததுதான். 1970களில் கலிபோர்னியாவின் மரின் கவுண்டியில் பழைய கனத்த சைக்கிள்களில் மலைச்சரிவு இறங்கியவர்களுக்குப் பின் சக்கரத்தின் நடுப்பகுதியான ஹப்புக்குள் இருந்த பிரேக்கின் கிரீஸ் ஒரே இறக்கத்தில் புகைந்து காய்ந்துபோனது. ஒவ்வொரு தடவையும் ஹப்பைப் பிரித்துப் புது கிரீஸ் அடைக்க வேண்டியிருந்தது. 1976இல் அவர்கள் தொடங்கிய பந்தயத்துக்கு அதனாலேயே 'ரீபேக்' என்று பெயர் வந்தது.

இப்போது கடையில் மூன்று வகை பிரேக் கிடைக்கிறது.

ரிம்மைக் கவ்வும் வி-பிரேக் நீலகிரிக்கு வேண்டாம். தென்மேற்குப் பருவமழை கூடலூர், அவலாஞ்சிப் பக்கத்தை நனைத்து முடித்தால், வடகிழக்குப் பருவமழை குன்னூர், கோத்தகிரிப் பக்கத்தைப் பிடித்துக்கொள்ளும். நனைந்த ரிம்மில் சக்கரம் ஓரிரு சுற்றுச் சுற்றி ஈரம் துடைபடும் வரை பிடிப்பு வராது. அதற்குள் வளைவு வந்துவிடும். போதாததற்கு, இந்த ஊர்ச் செம்மண் சேறு ரப்பர் கட்டையில் ஒட்டி உப்புத்தாள் மாதிரி அலுமினிய ரிம்மை அரிக்கும்.

அடுத்தது கேபிளால் இழுக்கும் டிஸ்க். மலிவான வண்டிகளில் இருப்பவற்றில் பெரும்பாலும் ஒரு பக்க பேட், அதாவது டிஸ்க்கில் உரசும் கட்டை, மட்டுமே நகரும். அது டிஸ்க்கை வளைத்து எதிர்ப்பக்க பேட்டில் கொண்டுபோய் அழுத்தும். பேட் தேயத் தேய லீவர் ஹேண்டிலை நெருங்கிக்கொண்டே வரும். அதை நீங்கள்தான் திருகிச் சரிசெய்ய வேண்டும்: நகரும் பக்கத்துக்குக் கேபிள் திருகு, நகராத பக்கத்துக்கு அலன் கீ. இரண்டாவதை மறந்துவிட்டுக் கேபிளை மட்டும் இழுத்துக் கட்டுகிறவர்களே அதிகம். அப்போது டிஸ்க் அதிகமாக வளையும், பிடிப்பு குறையும். மழைத்தண்ணீர் கேபிள் உறைக்குள் இறங்கித் துரு ஏறினால் லீவரை விட்ட பிறகும் பேட் திரும்பாது. வாரம் ஒருமுறை ஐந்து நிமிடம் செலவழிக்கத் தயாராக இருப்பவருக்கு இது தாங்கும். மற்றவருக்குத் தாங்காது.

மூன்றாவது ஹைட்ராலிக் டிஸ்க். மலையில் ஓட்ட இதுதான் வேண்டும். இதில் எங்களுக்கு இரண்டாவது கருத்து இல்லை. பேட் தேய்ந்தாலும் தானே இடைவெளியைச் சரிக்கட்டிக்கொள்ளும். டிசம்பர், ஜனவரி உறைபனிக் காலையில் விரல் மரத்துப்போயிருந்தாலும் ஒரு விரலால் வண்டியை நிறுத்தலாம். ஷிமானோ எம்டி200, டெக்ட்ரோ எம்275 இரண்டும் ஆரம்ப விலையில் வரும் நல்ல பிரேக்குகள். இரண்டுக்குமே மினரல் ஆயில். கார் பிரேக்குக்கு ஊற்றும் டாட் ஆயிலைத் தப்பித்தவறி ஊற்றினால் உள்ளே இருக்கும் சீல் ரப்பர் வீங்கிக் கெட்டுவிடும். மெக்கானிக்கிடம் இதை வாயால் ஒருமுறை சொல்லிவிடுவது நல்லது.

டிஸ்க்கின் விட்டம் 160 மில்லிமீட்டர் இருந்தால் பெரும்பாலானவர்களுக்குப் போதும். உடல் எடை 80 கிலோவைத் தாண்டினால் முன்பக்கம் 180 கேளுங்கள். ஷிமானோவின் விலை குறைந்த டிஸ்க்குகளில் ரெசின் பேட் மட்டும் போடவும் என்று ஆங்கிலத்தில் பொறித்திருக்கும். நீண்ட நாள் உழைக்குமே என்று உலோகக் கலவை பேட்டைப் போட்டால் மென்மையான அந்த டிஸ்க் வேகமாகத் தேய்ந்துவிடும். பேட்டில் உரசும் பொருள் 0.5 மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால் மாற்றியாக வேண்டும். மழைக்காலச் சேற்றில் ரெசின் பேட் எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் கரையும். ஆகவே வண்டி வாங்கும் அன்றே அதே மாடல் பேட் ஒரு ஜோடி வாங்கி வையுங்கள்.

புது டிஸ்க் பிரேக் முதல் நாள் முழுப் பிடிப்பைத் தராது. பேட்டின் பொருள் மெல்லிய படலமாக டிஸ்க்கில் படிந்த பிறகுதான் பிடிப்பு வரும். 20 முதல் 25 கிலோமீட்டர் வேகத்துக்குக் கொண்டுபோய், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் நடை வேகத்துக்கு இறக்குங்கள். ஒரு பிரேக்குக்கு 20 தடவை இப்படிச் செய்ய வேண்டும். வாங்கின மறுநாளே குன்னூரிலிருந்து பர்லியார் வழியாக இறங்குவது கூடாது என்று சொல்வதற்குக் காரணம் இதுதான். இறங்கும்போதும் லீவரை லேசாகப் பிடித்துக்கொண்டே வருவதுதான் பேட்டைக் கெடுக்கிறது: தொடர்ந்த உரசலில் சூடேறி மேற்பரப்பு கண்ணாடி மாதிரி ஆகிவிடும், கீச்சென்று கத்தும், பிடிக்காது. வளைவுக்கு முன் அழுத்திப் பிடியுங்கள், பிறகு முழுசாக விடுங்கள், காற்றில் ஆறட்டும். சூடான டிஸ்க்கில் தண்ணீர் ஊற்ற வேண்டாம், கோணிப்போகும்.

21 கியர் என்றால் என்ன அர்த்தம்?

ஒன்றுமில்லை. முன்னால் 3, பின்னால் 7, பெருக்கினால் 21. மலை ஏறுகிறவருக்கு வேண்டியது எண்ணிக்கை அல்ல. முன்னால் உள்ள மிகச் சிறிய சக்கரத்தில் எத்தனை பல், பின்னால் உள்ள மிகப் பெரிய சக்கரத்தில் எத்தனை பல் என்பதுதான். முன்னதைப் பின்னதால் வகுங்கள். விடை 0.75க்குக் கீழே இருந்தால் நீலகிரியில் சமாளிக்கலாம். 0.65க்குப் பக்கத்தில் இருந்தால் நிம்மதி. 1க்கு வந்தால் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும்.

கணக்காகவே பார்க்கலாம். முன்னால் 28, பின்னால் 28 பல் உள்ள வண்டியில், 27.5 அங்குலச் சக்கரத்துக்கு, பெடல் ஒரு முழுச் சுற்றுக்குச் சுமார் 2.15 மீட்டர் நகரும். நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு 7.7 கிலோமீட்டர். வண்டியோடு 90 கிலோ இருப்பவர் 10 சதவீத ஏற்றத்தில் இந்த வேகத்தைக் காக்க 200 வாட்டுக்கு மேல் தர வேண்டும். புதியவரின் கால் அரை மணி நேரம் தொடர்ந்து தருவது பெரும்பாலும் 100 முதல் 150 வாட். அதே ஏற்றத்தில் முன்னால் 22, பின்னால் 34 பல் இருந்தால் வேகம் 5 கிலோமீட்டராக இறங்கும், தேவையும் 140 வாட்டுக்கு வந்துவிடும். நடப்பதைவிடக் கொஞ்சம்தான் வேகம், ஆனால் இறங்காமல் மேலே போய்ச் சேரலாம். மேட்டுப்பாளையம் மலை ரயில் பல் தண்டவாளத்தைப் பிடித்துக்கொண்டு ஏறும் மிகச் செங்குத்தான இடமே 12க்கு 1, அதாவது 8.3 சதவீதம். மெயின் ரோட்டிலிருந்து ஹட்டிகளுக்கு, அதாவது படுகர் ஊர்களுக்கு, பிரிந்து ஏறும் கான்கிரீட் சாலைகளிலும் எஸ்டேட் சாலைகளிலும் அதைவிட மோசமான ஏற்றங்கள் சாதாரணம்.

முன்னால் ஒரே ஒரு பல்சக்கரம் மட்டும் உள்ள வண்டிகள் இப்போது நிறைய வருகின்றன. புதியவருக்கு இதுவே சுலபம். செயினைப் பல்லுக்குப் பல் மாற்றும் டீரெய்லர் முன்னால் இல்லை, அதில் சேறு சிக்குவதில்லை, இடது கைக்கு வேலையும் இல்லை. ஆனால் பல்லைக் கவனியுங்கள். மைக்ரோஷிஃப்ட் அட்வென்ட் 9 கியர் செட்டில் 11-42 காசெட் (11 முதல் 42 பல் வரை உள்ள பின் பல்கொத்து) வந்தால், முன்னால் 32க்கு விடை 0.76, 30 பல் போட்டால் 0.71. ஷிமானோ டியோர் 11 கியரின் 11-51 காசெட்டுக்கு 32 பல்லே 0.63 தந்துவிடும். முன் பல்சக்கரம் பெடலைத் தாங்கும் தண்டான கிராங்கோடு ரிவெட் அடித்ததா, போல்ட் போட்டதா என்று குனிந்து பாருங்கள். ரிவெட் அடித்ததை மாற்ற முடியாது. கிராங்கையே மாற்ற வேண்டும்.

இன்னொன்று, கடையில் யாரும் தானாகச் சொல்லாதது. பின்னால் இருக்கும் பல்கொத்து ஃப்ரீவீலா, காசெட்டா? 7 கியர் வண்டிகளில் பெரும்பாலும் ஹப்பின் மேல் திருகிப் பூட்டும் ஃப்ரீவீல்தான். அதில் வலப்பக்க பேரிங் அச்சின் முனையிலிருந்து வெகுதூரம் உள்ளே தள்ளி இருக்கும். கல்லிலும் வேரிலும் இறங்கி ஏறும்போது தாங்கலில்லாத அந்த நீளத்தில் அச்சு வளையும், சில சமயம் முறியும். காசெட் போடும் ஃப்ரீஹப்பில் பேரிங் வெளி ஓரத்திலேயே உட்கார்ந்திருக்கும், அதனால் இந்தத் தொல்லை குறைவு. 8 கியருக்கு மேல் பெரும்பாலும் காசெட்தான், என்றாலும் 8 கியர் ஃப்ரீவீலும் உண்டு. கேட்டு உறுதி செய்யுங்கள்.

பின் டீரெய்லர் தொங்கும் சிறிய அலுமினியத் துண்டுக்கு ஹேங்கர் என்று பெயர். வண்டி வலப்பக்கம் சாய்ந்தால் ஃப்ரேம் வளையாமல் இது வளைந்து கொடுக்கும்படிதான் செய்திருக்கிறார்கள். சிக்கல் என்னவென்றால் மாடலுக்கு மாடல் இதன் வடிவம் வேறு. ஒரு வருடம் கழித்துத் தேடினால் கிடைக்காமல் வண்டி மூலையில் நிற்கும். வாங்கும் நாளிலேயே ஒன்று கேட்டு வாங்கி சீட்டுக்கு அடியில் டேப் போட்டு ஒட்டி வையுங்கள்.

அளவு, சக்கரம், டயர்

அளவில் அதிகம் யோசிக்க ஒன்றுமில்லை. 155 முதல் 165 சென்டிமீட்டர் உயரத்துக்கு எஸ், 175 வரை எம், 185 வரை எல் என்பது பொதுக் கணக்கு. கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறும். மேல் குழாய்க்கு இருபுறமும் காலை ஊன்றி நின்றால் குறைந்தது 5 சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும். சரிவில் ஒரு கால் பள்ளத்தில் ஊன்றுவதால் இங்கே அது இன்னும் முக்கியம். இரண்டு அளவுக்கு நடுவில் இருப்பவர் சிறியதை எடுப்பது நல்லது. வளரும் பிள்ளைக்கு அடுத்த வருடமும் ஆகட்டும் என்று பெரிய வண்டி வாங்கித் தருவதை மலையில் மட்டும் செய்யாதீர்கள். லீவர் எட்டாத கை பிரேக் இல்லாத வண்டிக்குச் சமம். லீவரை ஹேண்டிலுக்கு அருகே கொண்டுவரப் பெரும்பாலானவற்றில் ஒரு சின்ன அலன் திருகு உண்டு. கடையிலேயே கைக்கு ஏற்ப வைத்துத் தரச் சொல்லுங்கள்.

சக்கரம் 27.5 அல்லது 29 அங்குலம், இரண்டுமே சரிதான். குள்ளமானவருக்கு 27.5 வாகாக இருக்கும். 29 கல்லின் மேல் சுலபமாக உருண்டுபோகும். 26 அங்குலத்துக்கு நல்ல டயர் கிடைப்பது குறைந்துகொண்டே வருகிறது.

டயரில்தான் பணமே செலவழிக்காமல் பெரிய வித்தியாசம் கிடைக்கும். அகலம் 2.2 அங்குலமாவது இருக்கட்டும். பக்கக் கட்டைகள் தடித்து நிற்கட்டும், நடுவில் வழவழப்பான கோடு போட்ட டயர் வேண்டாம். எஸ்டேட் பாதையில் மேலே காய்ந்த கற்பூர மர இலை, அடியில் ஈரக் களிமண். சோலை ஓரங்களில் குறுக்கே ஓடும் வேர். இரண்டுமே சோப்புப் போட்ட தரை மாதிரி. வழக்கமாகச் சைக்கிள் கடைகளில் கல் மாதிரி இறுகும் வரை காற்று அடித்துவிடுவார்கள். 50 பிஎஸ்ஐ அழுத்தத்துக்குக் காற்று போட்ட டயர் இங்கே குதிக்கும், வழுக்கும். டியூபோடு கூடிய 2.25 அங்குல டயருக்கு, 70 கிலோ உள்ளவர் முன்னால் 26, பின்னால் 29 பிஎஸ்ஐயில் தொடங்கலாம். 85 கிலோவுக்கு 30, 33. இதைவிடக் குறைத்தால் கூரான கல்லில் டியூப் ரிம்முக்கும் தரைக்கும் நடுவில் நசுங்கி, பாம்பு கடித்த மாதிரி இரட்டை ஓட்டை விழும். சாதாரண முள் பஞ்சரில் ஓட்டை ஒன்றுதான். இரட்டை ஓட்டை கண்டால் காற்று போதவில்லை என்று அர்த்தம்.

வால்வையும் பாருங்கள். பெட்ரோல் பங்க் காற்றுக்குழாய் பொருந்துவது பைக் டயரில் இருப்பது போன்ற ஷ்ரேடர் வால்வுக்குத்தான். மெல்லிய பிரெஸ்டா வால்வு உள்ள வண்டி என்றால் சொந்தப் பம்ப்பும் இரண்டு மாற்று டியூபும் கையில் இருக்க வேண்டும். ரோட்டோரக் கடையை நம்பிப் புறப்பட முடியாது.

ஷாக்கர்

விலை குறைந்த வண்டிகளில் வருவது சுருள் கம்பி ஷாக்கர். சன்டூர் எக்ஸ்சிடி, எக்ஸ்சிஎம் வகைகளை அதிகம் பார்க்கலாம். எடை மட்டும் இரண்டரை கிலோவை ஒட்டி வரும். அதன் தலையில் உள்ள திருகைத் திருப்பினால் ஷாக்கர் மென்மையாகும் என்று பலர் நினைக்கிறார்கள். அது சுருளுக்கு முன்கூட்டியே கொடுக்கும் அழுத்தத்தை மட்டும் கூட்டிக் குறைக்கும். சுருளின் விறைப்பு மாறாது. 50 கிலோ உள்ளவருக்கு அந்தச் சுருள் அசையவே அசையாது. அவர் தூக்கிச் சுமப்பதுதான் மிச்சம். காற்று ஷாக்கரில் எடைக்கேற்ப அழுத்தம் வைக்கலாம். வண்டியில் ஏறி நின்றால், ஷாக்கர் அமுங்கக்கூடிய மொத்த நீளத்தில் 20 முதல் 25 சதவீதம் அமுங்கினால் சரி. அதற்கென்று தனி ஷாக்கர் பம்ப் வேண்டும். டயர் பம்ப்பால் முடியாது. ஷாக்கரை அசையாமல் பூட்டும் லாக் அவுட் இருந்தால் தார் ரோட்டு ஏற்றத்துக்கு உதவும்.

20,000 ரூபாய்க்குள் பின்னாலும் ஷாக்கர் வைத்து விற்கும் வண்டியை வாங்கவே வாங்காதீர்கள். எடை 18 கிலோவைத் தொடும், ஒவ்வொரு மிதியும் ஊஞ்சலாடி வீணாகும், மூட்டுகளின் புஷ் இரண்டு மழைக்காலத்தில் ஆடத் தொடங்கும். அந்த விலையில் ஷாக்கருக்குப் போன பணம் பிரேக்கிலிருந்து எடுத்த பணம்.

விலைவாரியாகத் தீர்ப்பு

2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கான ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்திருப்பதால் பழைய விலைப்பட்டியலை நம்ப வேண்டாம். கீழே உள்ளவை தோராயமான வரம்புகள்.

18,000 ரூபாய்க்குக் கீழே: இரும்பு ஃப்ரேம் அல்லது கனத்த அலுமினியம், 7 கியர் ஃப்ரீவீல், பெயருக்கு ஒரு ஷாக்கர், பேர் தெரியாத கேபிள் டிஸ்க். எடை 16 முதல் 18 கிலோ. ஊருக்குள் டியூஷனுக்கும் கடைக்கும் போகச் சரி. மலைப்பாதை இறங்க இதை நாங்கள் சிபாரிசு செய்ய மாட்டோம். கையில் இவ்வளவுதான் இருக்கிறது என்றால் ஷாக்கரே இல்லாத, நல்ல பிரேக் போட்ட எளிய வண்டி, அல்லது அடுத்த வரம்பில் உள்ள பழைய வண்டி, இரண்டில் ஒன்று மேல்.

25,000 முதல் 40,000 வரை: பெரும்பாலான புதியவர்கள் நிற்க வேண்டிய இடம் இதுதான். அலுமினிய ஃப்ரேம், 8 அல்லது 9 கியர் காசெட், பெரும்பாலும் ஹைட்ராலிக் டிஸ்க், லாக் அவுட்டோடு சுருள் ஷாக்கர், எடை 14 முதல் 15 கிலோ. இந்த வரம்பிலும் சில மாடல்களில் கேபிள் டிஸ்க்கையே வைத்துவிட்டு 100 மில்லிமீட்டர் ஷாக்கரைப் பெரிதாக எழுதியிருப்பார்கள். அதைத் தவிருங்கள். ஃபயர்ஃபாக்ஸ், மோன்ட்ரா, ராக்ரைடர் என்று எந்தப் பெயரை எடுத்தாலும் ஒரே பெயரின் கீழ் பல விலை வண்டிகள் இருக்கின்றன. பெயரை வைத்து முடிவெடுக்க முடியாது. பாகப் பட்டியலை வாங்கி பிரேக் மாடல், பின் காசெட்டின் பல் எண்ணிக்கை, இந்த இரண்டு வரிகளை முதலில் படியுங்கள்.

50,000 முதல் 80,000 வரை: காற்று ஷாக்கர், முன்னால் ஒற்றைப் பல்சக்கரம், சக்கரத்தின் நடுவே ஊடுருவிப் போகும் தடித்த அச்சு, டியூப்லெஸ் ஆக்கக்கூடிய ரிம். மண் பாதையில் வாரம் இரண்டு நாளாவது ஓட்டப்போகிறோம் என்று உறுதியாகத் தெரிந்தவருக்கு இந்தப் பணம் வீணாகாது. இன்னும் முடிவாகாதவர் இங்கே தொடங்க வேண்டியதில்லை.

எந்த வரம்பானாலும் 5,000 ரூபாயைத் தனியாக எடுத்து வைத்துவிடுங்கள். இஎன் 1078 (ஐரோப்பா) அல்லது சிபிஎஸ்சி (அமெரிக்கா) பாதுகாப்பு முத்திரை உள்ள ஹெல்மெட், கையுறை, பம்ப், மாற்று டியூப், டயர் நெம்பி, அலன் கீ செட், முன் பின் விளக்கு. மதியம் மூன்று மணிக்கே மேகம் இறங்கிப் பத்தடிக்கு அப்பால் தெரியாமல் போகிற ஊர் இது. பின் சிவப்பு விளக்கு பகலிலும் எரியட்டும்.

பழைய வண்டி பார்க்கும்போது செயினில் அளவு நாடா வைத்து ஒரு பின்னிலிருந்து அதற்கடுத்த 24ஆவது பின் வரை உள்ள தூரத்தை அளந்து பாருங்கள். புதுச் செயினில் சரியாக 12 அங்குலம் வரும். அங்குலத்தில் 16இல் ஒரு பங்கு கூடியிருந்தால் செயின் மாற்ற வேண்டும். 8இல் ஒரு பங்கு கூடியிருந்தால் காசெட்டும் சேர்ந்து போயிருக்கும். முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். ஹேண்டில் கழுத்தில் டக் டக்கென்று தட்டினால் பேரிங் தளர்ந்திருக்கிறது, அல்லது தேய்ந்திருக்கிறது. ஷாக்கரின் பளபளக்கும் குழாயில் கீறலோ துருவோ இருந்தால், ஹேண்டில் கழுத்துக்குப் பின்னால் வெல்டிங்கை ஒட்டிப் பெயிண்ட் மயிரிழையாக வெடித்திருந்தால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம்.

கடையிலிருந்து வெளியே வருமுன்

ஆன்லைனில் வாங்கும் வண்டி பாதிக்கு மேல் பூட்டப்பட்டு வரும்; மீதியைப் பூட்டுவதில்தான் தவறு நடக்கிறது. முன் ஃபோர்க்கைத் திருப்பி மாட்டுவது நம்ப முடியாத அளவுக்கு நடக்கிறது. டிஸ்க் பிரேக்கின் கவ்வி இடப்பக்கம், ஃபோர்க் காலுக்குப் பின்புறம் இருக்க வேண்டும். இடது பெடலின் மரை எதிர்ப்பக்கம் சுற்றும். வலது பெடலை அங்கே முறுக்கி ஏற்றினால் கிராங்கின் மரை அழிந்து கிராங்கே போகும். ஹேண்டிலைப் பிடிக்கும் நான்கு போல்ட்டும் குறுக்கு மறுக்காகக் கொஞ்சம் கொஞ்சமாக, 5 நியூட்டன் மீட்டர் அளவுக்கு இறுக்கப்பட்டிருக்க வேண்டும், மேலும் கீழும் ஒரே இடைவெளியோடு. முன் பிரேக் எந்தக் கையில் என்று பாருங்கள். நம் ஊர் வழக்கப்படி வலது கையில் இருப்பதுதான் மோட்டார் பைக் பழகியவருக்குச் சிக்கலில்லாதது.

வண்டியை மேட்டில் ஏற்றிப் பார்க்க மலை வரை போக வேண்டியதில்லை. பக்கத்து மேம்பாலத்தின் சரிவு போதும். மிகத் தாழ்ந்த கியரில் உட்கார்ந்தபடியே ஏறுங்கள், செயின் நழுவக் கூடாது. இறங்கும்போது ஒரு விரலால் பிடித்து நிறுத்திப் பாருங்கள்.

காரில் ஏற்ற முன் சக்கரத்தைக் கழற்றினால், பிரேக் கவ்விக்குள் ஒரு பிளாஸ்டிக் துண்டைச் செருகுங்கள். இல்லாவிட்டால் வழியில் யாராவது லீவரைத் தொட்டதும் இரண்டு பேட்டும் ஒட்டிக்கொள்ளும். ஊட்டி போய்ச் சேர்ந்தபின் டிஸ்க் உள்ளே நுழையாது. பஞ்சர் ஒட்ட வண்டியைத் தலைகீழாக நிறுத்தினால் லீவர் பெட்டியில் உள்ள காற்று ஆயில் குழாய்க்குள் போகக்கூடும். நிமிர்த்தியதும் லீவரைப் பத்துத் தடவை அழுத்திக் கெட்டியாக நிற்கிறதா என்று பார்த்த பிறகே கிளம்புங்கள். பஞ்சு போல அமுங்கினால் அன்று இறக்கம் வேண்டாம். காற்று எடுக்கும் கருவி எல்லாச் சைக்கிள் கடையிலும் இருக்காது. உங்கள் ஊரில் எந்தக் கடையில் இருக்கிறது என்பதை வாங்குமுன்பே விசாரித்து வையுங்கள். செயினுக்குத் தெளிக்கும் எண்ணெய் டிஸ்க்கில் ஒரு சொட்டுப் பட்டாலும் பேட் ஊறிவிடும். ஆகவே ஸ்பிரே வேண்டாம், ஈரத்துக்கான செயின் ஆயிலைக் கண்ணிக்கு ஒரு சொட்டாக விட்டு, மீதியைத் துணியால் துடைத்துவிடுங்கள்.

ஓட்டும் இடத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் நுழைவது குற்றம், சைக்கிளானாலும் சரி. எஸ்டேட் பாதை தனியார் நிலம். கேட்டுவிட்டு நுழையுங்கள், பறிக்கிறவர்கள் தலைச்சுமையோடு வந்தால் இறங்கி நில்லுங்கள். விடியலிலும் அந்தியிலும் தேயிலைக்குள் காட்டெருமை நிற்கும். மணி அடிக்காமல், வேகம் கூட்டாமல் தூரத்திலேயே நின்று, அது நகர்ந்த பிறகு போங்கள்.

முதல் 100, 150 கிலோமீட்டரில் புதுக் கேபிள் உறையில் அமர்ந்து தளரும். கியர் தடுமாறத் தொடங்கும். ஸ்போக்குகளும் அதே நேரத்தில்தான் தளரும். அப்படியே ஓட்டினால் ரிம் கோணி, ஸ்போக் ஒவ்வொன்றாக முறியும். கிராங்க் போல்ட்டையும் அப்போதே மறுபடி இறுக்க வேண்டும். தளர்ந்த கிராங்கை ஓட்டினால் சதுரத் துளை உருண்டையாகி, பிறகு எவ்வளவு இறுக்கினாலும் நிற்காது. இந்த முதல் சர்வீஸ் வண்டி விலையிலேயே சேர்ந்ததா, ஸ்போக் இழுப்பும் அதில் அடங்குமா என்று கேட்டு, பதிலை ரசீதின் மேலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.